ஆர்டர் இருக்கிறது, வாடிக்கையாளரைக் காணோம்

ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதிய பழைய அப்ளிகேஷன் ஒன்று என் பராமரிப்புக்கு வந்தது. அதில் ஆர்டர் பட்டியல் அவ்வப்போது 500 பிழையோடு விழும். லாகில் எப்போதும் ஒரே புகார்தான்: நில்லுக்கு (ரூபியில் ‘எதுவும் இல்லை’ என்பதைக் குறிக்கும் மதிப்பு) ‘நேம்’ என்ற மெத்தட் இல்லையாம். ஒரு ஆர்டருக்கு வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் பக்கம் மொத்தமும் போச்சு.

முன்பு இருந்தவர்கள் வ்யூ ஃபைல்களில் கண்ட இடமெல்லாம் ‘&.’ போட்டு வைத்திருந்தார்கள். ரூபி 2.3-இல் வந்த நல்ல வசதிதான்; முன்னால் இருப்பது நில் என்றால் பிழை தராமல் நில்லையே திருப்பித் தரும். ஆனால் இங்கே அது பிழையை மறைத்துவிட்டு, இன்வாய்ஸில் பெயருக்குப் பதில் வெற்றிடத்தை அச்சடித்தது. அதற்குப் பிழையே மேல்.

முதலில் கணக்கெடுத்தேன். ரெயில்ஸ் 6.1 முதல் இருக்கும் வேர்.மிஸ்ஸிங் (where.missing) என்ற வசதி, இரண்டு டேபிள்களையும் லெஃப்ட் அவுட்டர் ஜாயின் போட்டு இணைத்து, ஜோடி இல்லாத ரெக்கார்டுகளைத் தந்துவிடும். ஆனால் கஸ்டமர் ஐடியே காலியாக (null) இருப்பதையும், ஐடி இருந்தும் ஆள் இல்லாததையும் அது பிரிக்காது. அதை நானே பிரித்துப் பார்த்தபோதுதான் கதை புரிந்தது.

ஐடி காலியாக இருந்தவை லாகின் செய்யாமல் வாங்கியவர்களின் ஆர்டர்கள். அவற்றில் தவறே இல்லை. ஆர்டரை வாடிக்கையாளருடன் இணைக்கும் அசோசியேஷனில் ஆப்ஷனல் என்று குறித்துவிட்டு, ‘விருந்தினர்’ என்று காட்டும் மெத்தட் ஒன்றை மாடலிலேயே எழுதினேன். வேறு சிலவற்றில் வாடிக்கையாளர் டேபிளில் பத்திரமாக இருந்தார். நிஜமாக அழிக்காமல், அழித்த நேரத்தை மட்டும் ‘டெலீட்டட் அட்’ என்ற காலத்தில் (column) குறித்திருந்தார்கள். அது நிரம்பியவர்களை, எல்லாத் தேடலிலும் தானாகச் சேரும் நிபந்தனையான டீஃபால்ட் ஸ்கோப் மறைத்திருந்தது. (டீஃபால்ட் ஸ்கோப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது.) ஆர்டரிலிருந்து போகும் அசோசியேஷனில் மட்டும் அந்த நிபந்தனையை அன்ஸ்கோப் செய்து நீக்கினேன்.

மிச்சமிருந்தவை நிஜமாகவே அனாதைகள். ஆர்டர் இருந்தால் வாடிக்கையாளரை அழிக்க விடாதே என்று மாடலில் ரெஸ்ட்ரிக்ட் வித் எர்ரர் எழுதித்தான் இருந்தது. ஆனால் ஒரு துப்புரவு ஸ்கிரிப்ட் டிஸ்ட்ராய்க்குப் பதில் டெலீட் ஆல் போட்டிருந்தது. அது மாடலின் கால்பேக்குகளை (அழிக்கும்போது தானாக ஓடும் சரிபார்ப்புகளை) தொடாமல் நேராக எஸ்க்யூஎல்லுக்குப் போய்விடும். பணக் கணக்கு என்பதால் ஆர்டர்களை அழிக்க முடியாது. ‘நீக்கப்பட்ட வாடிக்கையாளர்’ என்று ஒரு ரெக்கார்டு உருவாக்கி அதனுடன் இணைத்தேன்.

அப்புறம் ஃபாரின் கீ, அதாவது டேபிள்களுக்கு இடையிலான தொடர்பை டேட்டாபேஸே காக்கும் விதி. காலி ஐடியை அது அனுமதிக்கும், இல்லாத ஐடியை விடாது. எங்களுக்கு வேண்டியது அதுவேதான். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில் பெரிய டேபிள் என்பதால் முதலில் பழைய வரிசைகளை வாலிடேட் செய்யாமல் சேர்த்தேன். புது வரிசைகளுக்கு அப்போதே காவல் வந்துவிடும். பழையவற்றைச் சரிபார்ப்பது தனி மைக்ரேஷனில் (டேட்டாபேஸை மாற்றும் ஸ்கிரிப்ட்).

அடுத்த முறை அந்தத் துப்புரவு ஸ்கிரிப்ட் இன்வாலிட் ஃபாரின் கீ என்று பாதியில் நின்றது. ஆர்டர் உள்ளவர்களை விட்டுவிடும் நிபந்தனையை அதில் சேர்த்தோம்.