மகளின் காக்ளியர் இம்ப்ளான்ட்: வாரங்கள் வீணான இடங்கள்

எங்கள் மகளுக்கு இரு காதுகளிலும் கேட்புத்திறன் மிகக் குறைவு என்று பெரா பரிசோதனையில் (குழந்தை உறங்கும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளையும் தரும் எதிர்வினையைப் பார்ப்பது) தெரிந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, உள்காதில் கேட்புக் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் சிகிச்சை உண்டு என்பதால் பணக்கவலை குறைந்தது. ஆனால், மூளை ஒலிக்குப் பழகுவதற்கு முதல் மூன்று ஆண்டுகளே மிக முக்கியம் என்று கேட்பியல் நிபுணர் எச்சரித்திருந்ததால், கடந்துபோன ஒவ்வொரு வாரமும் எங்களை வதைத்தது.

குடும்ப அட்டையில் என் கணவரின் பெயர் முதலெழுத்துடனும், ஆதாரில் தந்தை பெயருடன் முழுமையாகவும் இருந்ததைக் காட்டி, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்தவர் கோப்பைத் திருப்பித் தந்தார். திருத்திக்கொண்டு போனபோது, "வெளியில எடுத்த பெரா செல்லாதும்மா, இங்கதான் எடுக்கணும்" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு வேலைகளும் ஒரே சமயத்தில் முடிந்திருக்கும். பரிசோதனையன்று தூக்க மருந்து குடித்து உறங்கியவள், நெற்றியில் மின்முனையை ஒட்டியதும் விழித்து அழுதாள். மீண்டும் வேறொரு தேதி. அந்த நாளில் விடியுமுன் எழுப்பி, பேருந்தில் கண்ணயர விடாமல் அழைத்துச் சென்றதால்தான் காரியம் கைகூடியது. எந்த அறிக்கை, எங்கே எடுத்தது வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கேன், நிமோகாக்கல் தடுப்பூசி, அறுவைச் சிகிச்சை எல்லாம் சிக்கலின்றி நடந்தன. காயம் ஆறி, ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும் வெளிக்கருவியை முதன்முதலாக இயக்கிய அன்றே கூப்பிட்டால் திரும்புவாள் என்று உறவினர்கள் காத்திருந்தனர். அவளோ மிரண்டு என் சேலையைப் பற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். கருவி ஒலியைத்தான் தருகிறது; அதற்குப் பொருள் கற்றுத் தருவது பேச்சுப் பயிற்சியும், அவள் கேட்பதற்கேற்பக் கருவியின் ஒலி அளவுகளைச் சரிசெய்ய அவ்வப்போது செய்யும் மேப்பிங்கும்தான்.

தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். கேட்டால் அவள் கிண்ணத்தில் ஒரு மணியைப் போடுவாள். ஒரு நாள் 'ஆ'வுக்கே கை அசையவில்லை. பேட்டரியை மாற்றியும் பயனில்லை. தலையில் ஒட்டும் காயிலின் கம்பி உள்ளே முறிந்திருந்தது. "ஆர்டர் போட்டாச்சு" என்ற பதிலைத் தவிர சேவை மையத்திலிருந்து நெடுநாள் எதுவும் வரவில்லை. அதுவரை அவள் மீண்டும் ஒலியில்லாமல் இருந்தாள் என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உத்தரவாதக் காலம் முடிந்தபின் இந்தச் செலவு பெற்றோர் தலையில் விழக்கூடும். எனவே ஒரு கம்பியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிறு சிறு வாக்கியங்கள் பேசுகிறாள். நெடுநாள் பிடிபடாத 'ஸ்' ஒலிக்கும், சென்ற மேப்பிங்குக்குப் பிறகு, தயங்காமல் மணியைப் போடுகிறாள்.