அம்மாவின் விரல் ரேகை

அஞ்செட்டிக்குப் பக்கத்தில், காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வேலை செய்யும் தன்னார்வலர் அக்கா அப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பார்க்க ஒருநாள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் இருந்த அம்மாவின் பாதங்களைப் பார்த்தவர், கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, உடனே மேலெழவில்லை. "இரவில் படுத்துத் தூங்க முடிகிறதா?" என்று கேட்டார். "சுவரில் சாய்ந்துகொண்டால்தான் மூச்சு வருகிறது" என்றார் அம்மா. எத்தனை மாதமாக அப்படி என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் சொல்லவேயில்லை.

அடுத்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து பெரிய மருத்துவமனை, இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனை. அம்மா சிறு வயதில் காய்ச்சலோடு மூட்டு வீங்கிப் படுத்திருக்கிறார். சரியான சிகிச்சை இல்லாமல் போன அந்தக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டது என்றார் மருத்துவர். வால்வை மாற்ற வேண்டும். "காப்பீட்டு அட்டை இருக்கிறதா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கூலி வேலை செய்யும் எங்களுக்குத் தகுதியில் சந்தேகமே இல்லை. ஆனால் அட்டை எடுக்கவில்லை. நன்றாக இருக்கும்போது ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கலெக்டர் அலுவலகம் போக யாருக்கும் மனம் வருவதில்லை. இப்போது, பத்து அடி நடந்தால் மூச்சு இளைக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டியதாயிற்று.

முதலில் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று. அவருக்கு வேறொரு ஊரும் கூடுதல் பொறுப்பு. இரண்டு நாள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன். மூன்றாம் நாள் தலையாரியிடம் நிலைமையைச் சொல்ல, அவரே போன் செய்து, அலுவலர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டு அனுப்பிவைத்தார். கையெழுத்தும் முத்திரையும் வாங்க ஐந்து நிமிடம்தான் ஆனது. தேதி விடுபட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். எனக்கு விடுபட்டிருந்தது, பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்ப ஓடினேன்.

அடுத்த சிக்கல் பெயரில். குடும்ப அட்டையில் அம்மாவின் பெயருக்கு முன் தாத்தாவின் எழுத்து, ஆதாரில் அப்பாவின் எழுத்து. இது தடையாகலாம் என்று அந்தத் தன்னார்வலர் அக்கா முன்பே எச்சரித்திருந்ததால் இ-சேவை மையத்தில் குடும்ப அட்டையைத் திருத்த விண்ணப்பித்தோம். இந்த ஒரு எழுத்துக்காக இரண்டு வாரம் போயிற்று. அந்த இரண்டு வார இரவுகளில் அம்மாவின் இருமலைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தேன்.

விடியற்காலை பஸ்ஸில் தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து கிருஷ்ணகிரி. கலெக்டர் அலுவலகத்தில் காப்பீட்டு மையம் எங்கே என்று கேட்டால் காட்டிவிடுகிறார்கள். புகைப்படம் எடுத்தார்கள். பிறகு கைரேகை. அம்மா வலது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. நாற்பது வருடம் களை பிடுங்கி, கேழ்வரகு அறுத்து, விறகு சுமந்த விரல்கள். கண்ணாடி போல வழவழத்துப் போயிருந்தன. "என் கையே எனக்குச் சாட்சி சொல்லவில்லையே" என்றார் அம்மா. கணினி முன் இருந்த பெண் பொறுமையானவர். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொன்னார். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். இடது கை மோதிர விரலில் பச்சை எரிந்தது. அவரும் எங்களோடு சேர்ந்து மூச்சு விட்டார்.

அன்றே பதிவு எண் கிடைத்தது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை ஒன்றில், காப்பீட்டுப் பிரிவினர் எக்கோ அறிக்கையை அனுப்பி அனுமதி வாங்கினார்கள். அதன் பிறகு ஒருவர் என்னைத் தனியே அழைத்து, நல்ல வால்வு வேண்டுமென்றால் 40,000 ரூபாய் கட்டுங்கள் என்றார். கை நடுங்கியது. வெளியே வந்து திட்டத்தின் இலவச எண்ணான 1800 425 3993-ஐ அழைத்து, பதிவு எண்ணையும் கேட்ட தொகையையும் சொன்னேன். மறுநாள் அந்தப் பேச்சே இல்லை. அறுவை சிகிச்சைக்கு ஒரு ரூபாயும் கட்டவில்லை. பணம் கேட்டால் வாய்ச் சண்டை போடாதீர்கள், கடனும் வாங்காதீர்கள். அந்த எண்ணை அழையுங்கள்.

இப்போது அம்மா படுத்துத் தூங்குகிறார். உலோக வால்வு என்பதால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. வீட்டில் களிக்குக் கீரைதான் குழம்பு. கீரை ஒருநாள் அதிகமாகி ஒருநாள் இல்லாமல் போனால் மாத்திரையின் வேலை மாறிவிடுமாம். அதனால் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே அளவுக் கிண்ணம் என்று வைத்திருக்கிறோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பரிசோதனைக்குத்தான் இன்னமும் மாதம் ஒருநாள், இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போகிறோம். அப்பாவின் அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அம்மாவின் ஒரு குழாய் ரத்தத்தை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்தால், இரண்டு பேரின் ஒருநாள் கூலி மிஞ்சும். மழை நாளில் பரிசோதனை தள்ளிப்போகாது. இதை எழுதி, போன திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்தேன். ரசீதை அம்மாவின் காப்பீட்டு அட்டையோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.