பெரிய வியாழன் இரவில் லூர்து மாதா கோவிலை நோக்கி

சிங்கப்பூர்க் கத்தோலிக்கரிடம், பெரிய வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் இரவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி முடிந்து, இயேசுவின் திருவுடலாகிய நற்கருணை தனிப்பீடத்தில் வைக்கப்பட்டதும், மக்கள் குடும்பம் குடும்பமாக ஒரு கோவிலிலிருந்து மற்றொரு கோவிலுக்குச் சென்று, கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தம் சீடரிடம் கேட்டுக்கொண்ட விழிப்பில் சிறிது நேரமாவது பங்குகொள்வார்கள். பிராஸ் பாசா வட்டாரத்தின் பழைய கோவில்கள் ஒன்றுக்கொன்று நடக்கும் தொலைவில் இருப்பதால், அன்றிரவு அந்தத் தெருக்களில் செபமாலை ஏந்திய கைகளை நள்ளிரவு நெருங்கும் வரை காணலாம். இவ்வாண்டு நானும் என் கணவரும் நல்லாயன் பேராலயத்தில் தொடங்கி, ஓஃபிர் ரோட்டிலுள்ள லூர்து மாதா கோவிலில் நிறைவு செய்வதென்று முடிவு செய்திருந்தோம்.

இது பிறருக்குச் சிறு நடை. அவருக்கு அப்படியல்ல. இரு சிறுநீரகங்களும் செயலிழந்த பின்னர், எங்கள் வட்டாரத்தில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் இயங்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு அவர் வாரத்தில் மூன்று நாள் சென்று வருகிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஊசிகளோடு அசையாமல் இருந்தாக வேண்டும். வேலையை விட்டாயிற்று. குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்து குடிக்கும் வாழ்க்கை. இந்த நோயை அகற்றிவிடும் என்ற ஒரே மன்றாட்டைத்தான் தொடக்கத்தில் நான் இறைவனிடம் வைத்தேன். அதைத் தவிர வேறொன்றைக் கேட்பதே அவநம்பிக்கை என்று எனக்குத் தோன்றியது.

நல்லாயன் பேராலயத்தின் பெயருக்கு ஒரு மறைசாட்சியின் வரலாறு உண்டு. 1821ஆம் ஆண்டு கிழக்கு நோக்கிய பயணத்தில் சிங்கப்பூருக்கு வந்து சென்றவர் பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த குரு லாரன் இம்பேர். பின்னாளில் ஆயராகக் கொரியாவில் பணியாற்றியபோது அங்கே கிறிஸ்தவர்கள் கடுமையாக வேட்டையாடப்பட்டனர். மந்தை மேலும் அழியக்கூடாது என்று அவர் தம்மையே ஒப்புக்கொடுத்ததோடு, மறைந்திருந்த உடன் குருக்கள் இருவருக்கும், இக்கட்டு முற்றிய வேளையில் நல்ல ஆயன் தன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்று எழுதி அனுப்பினார். 1839இல் மூவரும் தலை வெட்டப்பட்டு இறந்தனர். 1984இல் புனிதராக உயர்த்தப்பட்டனர். தனிப்பீடத்தின் முன் முழங்காலிட்டிருந்தபோது எனக்கு அந்தக் கடிதமே நினைவில் நின்றது. இடரிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களை மட்டும் இறைவன் வழிநடத்தினார் என்று சொல்வோமானால், இம்பேர் ஆண்டகையைப் பற்றி என்ன சொல்வது?

அங்கிருந்து குயின் ஸ்திரீட் வழியாகப் புனித பேதுரு பவுல் ஆலயத்துக்கு நடந்தோம். 1870இல் எழுந்த அந்தக் கோவிலில்தான், தமக்கென ஓர் ஆலயம் அமையும் முன்னர், நம் தமிழ்க் கத்தோலிக்க முன்னோர் சீனச் சகோதரர்களோடு சேர்ந்து வழிபட்டார்கள். சிறிது நேரமே அங்கு இருந்தோம். வெளியே வந்ததும் என் கணவருக்கு மூச்சு வாங்கியதால், ஓரிடத்தில் அமர்ந்தோம். எகிப்திலிருந்து புறப்பட்ட மக்களைப் பெலிஸ்தியர் நாட்டு வழி அருகிலிருந்தும் கடவுள் அவ்வழியே நடத்திச் செல்லவில்லை என்று விடுதலைப் பயண நூல் கூறுவதை அவர்தான் அப்போது எடுத்துச் சொன்னார். "சுத்து வழியா இருந்தாலும் மேகத்தூண் முன்னால போச்சு, அது போதாதா?" என்றார். டயாலிசிஸ் நாற்காலியில் கழியும் நேரங்களில் அவர் திருவிவிலியத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறார். இந்த நோய்க்கு முன் அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

லூர்து மாதா கோவில் 1886இல் கட்டத் தொடங்கி 1888இல் நிறைவுற்றது. பிரான்சின் லூர்து நகரிலுள்ள பேராலயத்தைப் பின்பற்றிய கோதிக் பாணிக் கட்டடம் அது, தமிழருக்காகவே எழுப்பப்பட்டது, 2005இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று பல மொழியினரும் அங்கே வழிபடுகிறார்கள் என்றாலும், "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தமிழில் செபமாலை எழும்போது அந்தக் கோவிலே நம் தாய்வீடாகிவிடுகிறது. நாங்கள் நுழைந்தபோது முதியவர்கள் சிலர் அப்படித்தான் செபித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்குப் பின்னால் இடம் பிடித்து அமர்ந்தோம்.

லூர்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அற்புத நீர். எனக்கோ அந்த நீர் வெளிப்பட்ட நாளே இப்போது பெரிதாகத் தெரிகிறது. 1858 பிப்ரவரி 25. லூர்தில் மாதாவின் காட்சி பெற்ற சிறுமி பெர்னதெத்துக்கு அப்போது வயது பதினான்கு, ஆலைத் தொழிலில் நொடித்துப்போன தந்தையின் குடும்பம் முழுவதும் முன்னாள் சிறைக்கூடம் ஒன்றின் ஒரே அறையில் குடியிருந்தது, சிறுமிக்கு ஆஸ்துமா. ஊற்றில் குடித்து, அங்கே முகம் கழுவு என்று அன்னை சொன்னபோது காட்சி கிடைத்த அந்தக் கெபியில், அதாவது பாறைக் குகையில், ஊற்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே அவள் கண்ணுக்குத் தெரிந்த ஆற்றை நோக்கி நடந்தாள். அங்கல்ல என்று அன்னை திருப்பி அழைத்துப் பாறையின் அடியைக் காட்டினார். அவள் மண்ணைக் கையால் தோண்டினாள்; வந்தது சேறு. மூன்று முறை அள்ளிக் கீழே ஊற்றிவிட்டு, நான்காம் முறை அந்தக் கலங்கல் நீரைக் குடித்தாள். முகமெல்லாம் சேற்றோடு திரும்பிய அவளைப் பார்த்து, பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கூடியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். தெளிந்த நீர் பெருகி ஓடியது அதற்குப் பிறகுதான்.

அவளுக்கு முழு வழியும் காட்டப்படவில்லை. அடுத்து எங்கே கை வைக்க வேண்டும் என்பது மட்டும் காட்டப்பட்டது. அந்த ஊற்றோடு தொடர்புடைய குணமாதல்களில் 70க்கும் மேற்பட்டவற்றை அற்புதங்கள் எனத் திருச்சபை ஏற்றிருக்கிறது. பெர்னதெத்தோ 1866இல் நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, முழங்காலை அரித்த எலும்புருக்கி நோயால் வேதனைப்பட்டு, 1879இல் தம் முப்பத்தைந்தாம் வயதில் இறந்தார். லூர்துக்குச் சென்று நலம் பெறலாமே என்றவர்களிடம், அந்த ஊற்று தமக்கானதல்ல என்றார். இவ்வுலகில் உன்னை மகிழ்ச்சியாக்குவதாக நான் வாக்களிக்கவில்லை, மறுவுலகில் என்று அன்னை தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து, விசுவாசம் போதாததால்தான் இன்னும் குணமாகவில்லை என்று சொல்லிச் சென்றவர்களும் உண்டு. அந்தச் சொல் நோயாளியை எவ்வளவு வதைக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அது தவறான போதனை. பெர்னதெத்தின் விசுவாசத்தில் என்ன குறை இருந்தது?

செபமாலை முடிந்ததும் பக்கத்திலிருந்த பெரியம்மா ஒருவர், லூர்துக்குச் சென்று வந்த உறவினர் கொடுத்ததாகச் சொல்லி, ஒரு சிறிய புட்டியை நீட்டினார். "குடிங்க தம்பி, மாதா பாத்துக்குவாங்க" என்றார். என் கணவர் நன்றியோடு வாங்கி, விரல் நுனியை நனைத்து நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, இரண்டு சொட்டு மட்டும் நாவில் விட்டார். தண்ணீர்க் கட்டுப்பாட்டை அவர் விளக்கியபோது பெரியம்மா கலங்கிவிட்டார். அவரோ, ஊற்று நீரை நான் குடித்தாயிற்று அம்மா, அளவு எதுவானால் என்ன என்று அமைதியாகச் சொன்னார். அதன்பின் தனிப்பீடத்தின் முன் நாங்கள் இருவரும் சேர்ந்து, "என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே ஆகட்டும்" என்ற ஆண்டவரின் மன்றாட்டைச் சொன்னோம். அதே இரவில், அதே வேண்டுதலில், துன்பக் கிண்ணம் அகலட்டும் என்றும் இயேசு கேட்டார் அல்லவா? நானும் இரண்டையும் கேட்கிறேன். முதல் வேண்டுதலைக் கைவிட வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஊசி ஏற்றுவதற்காக அவர் கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் இரத்தம் ஓடும் அதிர்வு தெரியும், அது நிற்காமல் இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டும் ஆண்டவரே என்று மன்றாடுகிறேன். மருத்துவச் சமூக ஊழியரிடம் கட்டண உதவி கேட்க எனக்கு நா எழும்பியது அப்படி ஒரு காலையில்தான். பகுதி நேர வேலைக்கு நான் திரும்பியதும் அப்படித்தான். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. காத்திருப்பு நீண்டது.

மறுநாள் பெரிய வெள்ளி. விடியற்காலையிலேயே அவருக்கு டயாலிசிஸ் முறை இருந்ததால் நள்ளிரவு வரை தங்காமல் டாக்சியில் வீடு திரும்பினோம். சிகிச்சை முடிந்து சற்றுப் படுத்து எழுந்தவர், பிற்பகல் மூன்று மணித் திருச்சிலுவை ஆராதனைக்கு என்னோடு வந்தார்.