கும்பாபிஷேகத்துக்கு வர்ற பணம் நித்தியப்படிக்கு வர்றதில்ல

நித்தியப்படின்னா கோயில்ல தினப்படி பூஜைக்கு ஆகற செலவு. டெல்டா பக்கம் ஒரு குழுக்கோயில் ஆபீஸ்ல பல வருஷம் கணக்கு எழுதற வேலை பார்த்தேன். குழுக்கோயில்னா ஒரு இ.ஓ.வுக்கு, அதாவது செயல் அலுவலருக்கு, கீழ ஏகப்பட்ட சின்னச் சின்ன கோயில் இருக்கும், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஆபீஸ், அதுல ரெண்டு மூணு பேர் உக்காந்து அத்தனை ஊர் சாமிக்கும் வரவு செலவு எழுதணும். வெளியில இருக்கறவங்க கிட்ட கோயில்ல வேலைன்னு சொன்னாலே உங்களுக்கென்னங்க பணம் கொட்டுதேம்பாங்க, அவங்க பழனி, சமயபுரம் உண்டியல் எண்றத டிவில பாத்தவங்க. அறநிலையத் துறை கைல இருக்கற கோயில்கள்ல 34 ஆயிரத்துக்கும் மேல வருஷ வருமானம் 10,000 ரூபாய்க்கு உள்ளதான். மாச வருமானம் இல்ல, வருஷத்துக்கே அவ்வளவுதான். நான் கணக்கு எழுதினது இந்தக் கோயில்களுக்கு.

இதுங்க எல்லாம் எப்பவும் ஏழைக் கோயிலா இருந்ததில்லங்கறது தான் எனக்கு ரொம்ப வருத்தம். பழைய திட்டப் பதிவேடு ஒண்ணு எங்க ஆபீஸ் பீரோல இருந்துச்சு, ஓரமெல்லாம் செல்லரிச்சுப் போயி. அதுல ஒரு சிவன் கோயிலுக்கு காலசந்திக்கு அரிசி எவ்வளவு, உச்சிக்காலத்துக்கு எவ்வளவு, அர்த்தஜாமத்துக்கு பால் எவ்வளவு, எந்த சன்னதி விளக்குக்கு எவ்வளவு எண்ணெய்னு படி, ஆழாக்கு கணக்குல இருக்கும், பூக்கட்டறவருக்கு இத்தனை மா (மாங்கறது பழைய நில அளவு) நிலம், மேளத்துக்கு இத்தனை மா, மெய்க்காவலுக்கு இத்தனை மான்னு இருக்கும், ரூபாய்ங்கற பேச்சே அதுல அதிகம் வராது, எல்லாம் நெல்லும் நிலமும்தான். நெல்லா வரும்போது ஒரு சௌகரியம், விலைவாசி ஏறினா நெல்லு விலையும் ஏறும், கோயில் வரவும் தானா ஏறும். இப்படி கோயிலுக்கு மானியமா விட்ட இனாம் நிலம்லாம் 1963ல வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்கு அப்புறம் நெறைய எடத்துல வேற ஆளுங்க பேருக்கு பட்டாவாச்சு, அதுக்கு ஈடா கவர்மெண்ட் வருஷா வருஷம் கோயிலுக்கு ஒரு தொகை குடுக்குது, தஸ்திக்னு சொல்லுவோம். அன்னைக்கு அது ஒரு தொகை. நான் எழுதின கணக்குல ஒரு கோயிலோட வருஷ தஸ்திக் நானூறு ரூபாய்க்குள்ள, அதே கோயிலுக்கு ஒரு மாசம் வந்த கரண்ட் பில் அதவிட அதிகம்.

பக்தர்கள் குறிப்பிட்ட பூஜைக்குன்னு பணம் கட்டி வைக்கற கட்டளையும் இதே கதைதான். 1970கள்ல யாரோ ஒரு புண்ணியவான் அப்பா நெனைவா வருஷத்துக்கு ஒரு நாள் அபிஷேகம் நடக்கட்டும்னு ஆயிரம் ரூபாய் சாஸ்வதமா கட்டியிருப்பார், அன்னைக்கு ஆயிரம்னா சாதாரண காசில்ல. இப்ப அதுக்கு வட்டி அறுபது எழுபது ரூபாய் வரும். அதுல பால் ஒரு லிட்டர் வாங்கலாம், சந்தனம், எளநீ, மாலை, நைவேத்தியம்லாம் யார் வாங்கறது? ஆனா கட்டளைப் பதிவேட்டுல அவர் பேர் இருக்கு, அந்த தேதிக்கு அபிஷேகம் நடந்தே ஆகணும், குருக்கள் தன் கைக்காசு போட்டு நடத்துவார். அவர் கையெழுத்து போட்ட வவுச்சர வாங்கி 70 ரூபாய்னு எழுதும்போதெல்லாம் எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும்.

சரி, மிச்சம் இருக்கற நிலம் என்னாச்சும்பீங்க. துறை கோயில்களுக்கு மொத்தமா கிட்டத்தட்ட 4.78 லட்சம் ஏக்கர் இருக்குன்னு கணக்கு இருக்கு, அதுல எங்க கோயில்களுக்கும் வேலிக்கணக்குல (வேலியும் பழைய நில அளவுதான்) உண்டு, பேப்பர்ல. பசலிங்கற கணக்கு வருஷம் முடியற ஜூன் மாசம் வந்தா கேட்பு (வரவேண்டியது), வசூல், நிலுவை போட்டு ஸ்டேட்மெண்ட் அனுப்பணும், டிசிபின்னு சொல்லுவோம், அதுல நிலுவைங்கற கட்டம் மட்டும் வருஷா வருஷம் பெருத்துக்கிட்டே போகும். குத்தகைதாரர் பேர்ல பாதிப் பேர் உயிரோடயே இல்ல, தாத்தா பேர்ல குத்தகை, பேரன் உழுவறான், நடுவுல யார் பேருக்கும் மாத்தல. நோட்டீஸ் குடுக்கப் போனா ஒரு பெரியவர் சொன்னார், "ஐயா, போன வருஷம் வெள்ளாம தண்ணில போச்சு, இந்த வருஷம் தண்ணி இல்லாம போச்சு, நான் எத வெச்சு கோயிலுக்கு அளக்கறது?" அவர் பொய் சொல்லல, 2018 கஜா அடிச்சப்ப எங்க பக்கம் எப்படி இருந்துச்சுன்னு நானே பாத்தேன். ஆனா அதே ஊர்ல கோயில் மனையில மாடி வீடு கட்டி, கீழ கடைய வாடகைக்கு விட்டு, கோயிலுக்கு மட்டும் தரை வாடகை எந்தக் காலத்துலயோ போட்டதையும் கட்டாதவங்களும் இருந்தாங்க. இந்த ரெண்டு பேரையும் ஒரே பதிவேட்டுல ஒரே மாதிரி நிலுவைன்னு எழுதறதுதான் எனக்குப் பிடிக்காது, முதல் ஆளுக்கு தவணை குடுக்கணும், ரெண்டாவது ஆள் மேல கேஸ் போடணும். கேஸ் போட்டா ரெவின்யூ கோர்ட்டுல வாய்தா மேல வாய்தா, சின்னக் கோயிலுக்கு வக்கீல் பீஸ் குடுக்கவே வழி இருக்காது. 2021ல இருந்து குத்தகை, வாடகைய ஆன்லைன்ல கட்டலாம்னு வந்தது நல்ல விஷயம், கட்டறதுக்கு மனசு இருக்கறவங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு.

ஒரு கால பூஜை திட்டம் இல்லாட்டி நெறைய கோயில் எப்பவோ பூட்டியிருப்பாங்க, அத நான் நன்றியோட சொல்றேன். கோயில் பேர்ல டெபாசிட் போட்டு வட்டில தினம் ஒரு வேளை பூஜை நடக்கணும், அதான் ஏற்பாடு. 1 லட்சமா இருந்த டெபாசிட்ட 2021க்கு அப்புறம் 2 லட்சமாக்கினாங்க, அர்ச்சகருக்கு மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்துச்சு. அப்போ போட்ட 2 லட்சத்துக்கு 6 பர்சன்ட்னு வெச்சாக்கூட மாசம் 1,000 ரூபாய். ரெண்டு விளக்கு ஏத்த தினம் 100 மில்லி நல்லெண்ணெய்னா மாசம் 3 லிட்டர், அதுக்கே அந்த ஆயிரம் சரியாப் போயிடும். அப்புறம் அரிசி, பூ, கற்பூரம், சாமிக்கு ஒரு வேஷ்டி? தஸ்திக்குக்கு என்ன ஆச்சோ அதேதான் இந்த டெபாசிட்டுக்கும் ஆகும், ரூபாய்ல கட்டிப்போட்ட எந்த தொகையும் கோயில் வயசுக்கு தாங்காது, ஏன்னா கோயிலோட வயசு நூறு நூறா போவுது.

எங்க லிமிட்ல ஒரு குருக்கள் நாலஞ்சு கோயில் பாத்தார். காலையில வீட்ல மாமி வடிச்ச சாதத்த ஒரு தூக்குல போட்டுக்கிட்டு, அபிஷேகத்துக்கு அரை லிட்டர் பால், ஒரு பையில பூ, இன்னொரு பையில சாவிக்கொத்து, டிவிஎஸ் 50ல கெளம்புவார். ஒவ்வொரு கோயில்லயும் பூட்டத் தொறந்து, கெணத்துல தண்ணி சேந்தி அபிஷேகம் பண்ணி, அந்தத் தூக்குல இருந்து ஒரு கரண்டி எடுத்து வாழையிலைல வெச்சு நைவேத்தியம் பண்ணிட்டு, திரும்ப பூட்டிட்டு அடுத்த ஊர். சில நாள் அந்த நேரத்துல ஒரு ஆள்கூட வரமாட்டாங்க. "ஸ்வாமிய பட்டினி போடப்படாது, அவ்வளவுதான் எனக்கு"ம்பார். 2020ல லாக்டவுன்ல தட்டு வருமானம் சுத்தமா நின்னப்பவும் அவர் போறத நிறுத்தல. அவர் பையன் சென்னையில கம்பெனி வேலைல இருக்கான், அவன தப்பே சொல்ல முடியாது, இந்த வருமானத்துக்கு எந்த அப்பாவும் பையன இந்த வேலைக்கு வாடான்னு கூப்பிட மாட்டார். அர்ச்சகர் பயிற்சிப் பள்ளில படிச்சுட்டு வர்ற பசங்களும் சம்பளம் வர்ற பெரிய கோயில்லதான் சேருவாங்க, அதுவும் நியாயம்தான்.

உற்சவர் விஷயம் ஒண்ணு சொல்லணும். திருட்டு பயத்துல சின்னக் கோயில் செப்புத் திருமேனிகள திருவாரூர் ஐகான் சென்டர், அதாவது சிலை பாதுகாப்பு மையம், மாதிரி எடத்துல கொண்டுபோய் வெச்சிருக்காங்க, வேற வழி இல்ல, திருடு போனா போனதுதான். ஆனா உற்சவர் ஊர்ல இல்லன்னா புறப்பாடு நடக்கறது கஷ்டம், புறப்பாடு நடக்கலன்னா வெளியூர்ல இருக்கற ஊர்க்காரங்க வர்றது கொறையும், அவங்க வரலன்னா தட்டுலயும் விழாது உண்டியல்லயும் விழாது. இப்படித்தான் ஒரு கோயில் ஊருக்கே மறந்து போகுது.

இதுல நான் திரும்பத் திரும்ப பாத்த ஒரு விஷயம், அதுக்காகத்தான் இத எழுத ஒக்காந்தேன். பன்னெண்டு வருஷம் ஆச்சுன்னு கும்பாபிஷேகம் வெச்சா பணம் வந்துடுது. சென்னை, பெங்களூர், துபாய், அமெரிக்கான்னு இருக்கற ஊர்க்காரங்க வாட்ஸாப்ல குரூப் போட்டு லட்சக்கணக்குல சேத்துடறாங்க, கோபுரம் பெயிண்ட், கிரானைட் தரை, யாகசாலை, அன்னதானம், ஒண்ணுக்கும் கொறை இருக்காது. நாப்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம் முடிஞ்ச மறுநாள் பழையபடி அதே குருக்கள், அதே தூக்கு. கிரானைட்டுக்கு குடுத்தவர் எண்ணெய்க்கு குடுக்கறதில்ல, அவர் மனசு சின்னதுன்னு நான் நெனைக்கல, எண்ணெய்க்கு காசு இல்லன்னு யாரும் அவர்கிட்ட சொல்லவே இல்ல.

அதனால இப்ப யாராவது எங்க ஊர் கோயிலுக்கு திருப்பணி பண்ணப் போறோம்னு எங்கிட்ட வந்தா நான் மூணு விஷயம் சொல்றேன். திருப்பணிக்காக சாமிய தற்காலிகமா வேற எடத்துல வைக்கற பாலாலயம் பண்றதுக்கு முன்னாடி கோயில் ஆபீஸ்க்கு போய் நித்தியப்படிக்கு மாசம் எவ்வளவு செலவு, எவ்வளவு பத்தாக்குறைன்னு கேளுங்க. சேர்ற பணத்துல ஒரு பங்க தனியா எடுத்து வைங்க, டெபாசிட்டா மட்டும் போட்டுட்டு வராம, ஊர்ல பத்து குடும்பமாவது மாசத்துக்கு ஒரு பொருள்னு ஏத்துக்கிட்டு பொருளாவே குடுங்க, எண்ணெய் ஒரு வீடு, அரிசி ஒரு வீடுன்னு, அப்பத்தான் விலை ஏறினாலும் கோயில் தாங்கும். மூணாவது, கோயில் நிலத்த யார் யார் வெச்சிருக்காங்கன்னு ஊர்லயே எல்லாருக்கும் தெரியும், அதுல உங்க சித்தப்பா, மாமா யாராவது இருந்தா முதல்ல அந்த பாக்கிய கட்டச் சொல்லுங்க, ரசீத வாங்கிக்கிட்டு அப்புறம் கோபுரத்துக்கு சாரம் கட்டலாம்.