ஃபைவ் சாட்டின்ஸ் பாடலை நான்கு குரலில் அடுக்கிப் பார்த்த அனுபவம்

டூ-வாப் (முன்னணிக் குரலுக்குப் பின்னே மற்றவர்கள் பொருளற்ற அசைகளைச் சேர்ந்து பாடும் அமெரிக்கக் குழுப்பாடல் வகை) பாடல் ஒன்றின் எல்லாக் குரல்களையும் நானே பாடி, ஆடாசிட்டி மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்யும் முயற்சிக்கு, ஃபைவ் சாட்டின்ஸ் குழுவினர் 1956-இல் வெளியிட்ட ‘இன் த ஸ்டில் ஆஃப் த நைட்’ பாடலை எடுத்துக்கொண்டேன். குழுவின் பெயரில் ஐவர் இருந்தாலும் இந்தப் பதிவில் பாடியவர்கள் நால்வர்தாம் என்பது, தனியாளாகப் பாட முனைபவருக்குச் சற்று ஆறுதலான செய்தி.

முன்னணிப் பாடகர் ஃப்ரெட் பாரிஸ் அப்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். இரவுக் காவல் பணியின்போது இப்பாடலை எழுதினார். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் உள்ள செயின்ட் பெர்னடெட் தேவாலயத்தின் அடித்தளத்தில் அது பதிவாயிற்று. அந்த இடத்தை ஏற்பாடு செய்து கொடுத்தவர், பாடலின் இடையில் சாக்சஃபோன் வாசித்த வின்னி மஸ்ஸெட்டா.

முதலில் பியானோவை அமைத்தேன். ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில், நான்கே நான்கு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) திரும்பத் திரும்பச் சுழல்கின்றன. அடுத்து கீழ்க்குரல், அதன்மேல் இரண்டு நடுக்குரல்கள் என ஏறினேன். ‘ஷூ-டூ, ஷூபி-டூ’ என்ற பின்குரல் கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், மூன்று தடங்களிலும் ‘ஷூ’ என்ற ஒலி இம்மியளவு முன்பின்னாக விழுந்தால்கூட நீராவி கசிவதைப் போன்ற இரைச்சல் எழுகிறது. ஆகவே கீழ்க்குரலில் மட்டும் அதை அழுத்தமாக உச்சரித்து, மற்ற இரண்டிலும் உயிரொலிக்கு மட்டுமே அழுத்தம் கொடுத்தேன். மூன்றும் ஒரே மூச்சாகக் கேட்டன. ஒலியளவைக் கணினியில் கூட்டிக் குறைப்பதைவிட, அக்காலக் குழுக்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று செய்ததைப் போல, நடுக்குரல்களுக்கு மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பாடியது நல்ல பலனைத் தந்தது. அடித்தளத்தின் எதிரொலிக்கு எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கட்டு ஓரளவு ஈடுகொடுத்தது, தண்ணீர் மோட்டார் ஓடாத நேரங்களில்.

முன்னணிக் குரலை வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். அதைச் சேர்ப்பதற்கு முன்பே பாடல் இன்னதென்று அடையாளம் தெரிந்துவிடுவதைக் கேட்டபோது, இக்குழுவின் வரலாற்றில் நடந்த ஒன்று எனக்கு விளங்கியது. முதலில் ‘த ஜோன்ஸ் கேர்ள்’ பாடலின் மறுபக்கமாக வந்த இத்தட்டு, எம்பர் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியே பரவி, அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பாப் பட்டியலில் 24-ஆம் இடத்தையும் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் 3-ஆம் இடத்தையும் எட்டியபோது, பாரிஸ் ராணுவப் பணிக்காக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவரில்லாமலேயே பில் பேக்கரை முன்னணியில் நிறுத்திய குழு, 1957-இல் ‘டு தி ஐல்’ பாடலுடன் பாப் பட்டியலில் 25-ஆம் இடம்வரை சென்றது. தலைமைக் குரல் மாறியும் குழு நிலைத்ததற்குப் பின்குரல்களின் கட்டுக்கோப்பும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. பாரிஸ் 1958-இல் திரும்பி வந்து குழுவை மறுபடி அமைத்தார். 2022-இல் காலமாகும்வரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது முதலில் சொன்ன பாடல்தான்.

அவருடைய பகுதியைப் பாடியபோது, கமகம் சேர்க்கும் பழக்கத்தை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. அவர் சுரங்களைப் பெரும்பாலும் நேராகப் பிடித்து, சொல்லின் முடிவில் மட்டுமே சற்றுக் குழைகிறார். இறுதியில் வரும் கள்ளக்குரல் (இயல்புக்குரலுக்கு மேலே மெலிதாக எழும் ஃபால்செட்டோ) எனக்கு இன்னும் எட்டவில்லை என்பதால், சுருதியை ஒரு கட்டை இறக்கி மீண்டும் பதிவு செய்ய இருக்கிறேன். சாக்சஃபோன் பகுதிக்கு இப்போதைக்குக் கீபோர்டு ஒலியை வைத்திருக்கிறேன், அது சுமார்தான். அது சரியானதும், இதே அடுக்கு முறையில் ‘டு தி ஐல்’ பாடலின் பின்குரல்களைத் தொடங்குவேன்.