கோணலா ஒரு கோடு

பெயிண்ட் ஓரம் நேரா வர ஒட்டின மாஸ்கிங் டேப்பை உரிச்சதும், ரெண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயரோட குட்டி மாடல் றெக்கையில கறுப்பு வெள்ளைப் பட்டை பளிச்சுனு நிக்குது. 1/48 ஸ்கேல், அதாவது நிஜத்துல நாப்பத்தெட்டுல ஒரு பங்கு, பட்டை ஒவ்வொண்ணும் ஒன்பதரை மில்லிமீட்டர், அவ்ளோ நேரு.

அதான் பிடிக்கல.

1944 ஜூன்ல நேச நாட்டுப் படைகள் பிரான்ஸோட நார்மண்டி கரையில இறங்க ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும்போதுதான் இதைப் போடச் சொல்லியே உத்தரவு, முன்னாடியே போட்டா ஜெர்மன்காரனுக்குத் தெரிஞ்சிடும்ல. சொந்த ஆளுங்களே சுட்டுடக்கூடாதுன்னுதான் பட்டை. முந்தின வருஷம் சிசிலில அமெரிக்கக் கப்பல்கள் அவங்க பாராசூட் வீரர்கள் இருந்த விமானங்களையே சுட்டுத் தள்ளிடுச்சு.

ஆயிரக்கணக்கான விமானம், நேரமே இல்ல, விமானத்தத் தரையில பாத்துக்கற கிரவுண்ட் க்ரூ பிரஷ்ஷ எடுத்து இழுத்துருக்காங்க. பழைய போட்டோவ பெருசாக்கிப் பாருங்க, ஓரம் அலை அலையா போகும், பிரஷ் தடம் தெரியும், சில விமானத்துல சீரியல் நம்பரைத் தொடாம சுத்தி வளைஞ்சிருக்கும், அந்த வளைவுல ஒரு அவசரம் இருக்கு பாருங்க, அது மாடல்ல ஒட்டற எந்த டெக்கால் ஸ்டிக்கர் ஷீட்லயும் வராது.

மாடல் செய்யற நாம என்னடான்னா பெயிண்ட்டத் தூவற ஏர்பிரஷ்ல கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி அடிச்சுட்டு அக்யூரேட்னு சொல்லிக்கறோம்.

இப்போ டபுள் ஜீரோங்கற மெல்லிசு பிரஷ்ஷோட ஓரத்தக் கெடுத்துட்டிருக்கேன். வேணும்னே கோணலா இழுக்கறது லேசுல்லங்க, கை தானா நேரா போகுது. இடது றெக்கை பரவால்ல. வலது நாளைக்கு.