குழு சிகிச்சை நமக்குப் பொருந்துமா?

மனச்சிக்கல் உள்ள சிலர் ஒரு சிகிச்சையாளரின் வழிகாட்டலில் ஒன்றாக அமர்ந்து பேசும் குழு சிகிச்சையில் சேரத் தயங்குபவர்கள் பெரும்பாலும் கூச்சத்தையே காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் கூச்சம் அதற்குத் தடையே அல்ல என்பது என் உறுதியான கருத்து. முதல் சில அமர்வுகளில் நாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாலும், எதிரில் இருப்பவர் கைக்குட்டையைத் திருகியபடி, "வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகுதான் எனக்கு அழுகை வருகிறது" என்று சொல்லும்போது, நமக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் தளரத் தொடங்குகிறது. 1905-இல் பாஸ்டன் நகரில் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றுகூட்டிய மருத்துவர் ஜோசப் பிராட், ஒரே நோய் உள்ளவர்களிடையே வளரும் அந்தப் பிணைப்பைக் கவனித்தார்.

தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவர்களுக்கு உடனடித் தனிச் சிகிச்சையே முதலில் தேவை. மற்றவர்கள், சேருமுன் சிகிச்சையாளரைத் தனியே சந்தித்து, குழுவில் எத்தனை பேர், இடையில் புதியவர்கள் சேர்க்கப்படுவார்களா என்பதையெல்லாம் கேட்டுக்கொள்வது நல்லது. ரகசியம் குறித்து அவசியம் கேளுங்கள்: சிகிச்சையாளரைத் தொழில்நெறி கட்டுப்படுத்துகிறது, சக உறுப்பினர்களோ தாங்கள் தந்த வாக்கினால் மட்டுமே கட்டுப்பட்டவர்கள். ஊர் சிறியதென்றால், தெரிந்த முகம் யாரேனும் அக்குழுவில் இருக்கக்கூடும் என்ற அச்சத்தையும் அந்தச் சந்திப்பிலேயே தயங்காமல் சொல்லிவிடுங்கள்.